அத்தியாயம் 5: பிறவித் திறமையா, பயிற்சியா?

குத்துச்சண்டைக் கூடத்துக்குப் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் முதலில் கேட்பது கட்டணத்தைப் பற்றியல்ல. "இவனுக்கு இது வருமா மாஸ்டர்?" என்றுதான் கேட்கிறார்கள். ஆறு மாதம் பயிற்சி எடுத்த பிறகு அந்தப் பிள்ளையே தனக்குள் வேறொன்றைக் கேட்டுக்கொள்கிறான்: "எனக்குப் பின்னால் சேர்ந்தவன் என்னைவிட நன்றாக அடிக்கிறான். எனக்கு இது பிறவியிலேயே இல்லையோ?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் பொறுப்பான பதில் சொல்வதே இந்த அத்தியாயத்தின் வேலை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறவித் திறமை என்று ஒன்று நிச்சயமாக இருக்கிறது. நீங்கள் எவ்வளவு சீக்கிரம் கற்பீர்கள், எந்தப் பாணி உங்களுக்குப் பொருந்தும் என்பதை அது பெருமளவு தீர்மானிக்கிறது. ஆனால் ரிங்குக்குள் எத்தனை காலம் நிலைப்பீர்கள் என்பதைத் தீர்மானிப்பது பயிற்சி. அதிலும் உங்கள் உடலை அறிந்து செய்யும் பயிற்சி. மற்றவனைப் பார்த்து அப்படியே செய்யும் பயிற்சியில் வியர்வை மட்டுமே மிஞ்சும்.

உடல் கொண்டுவருவது

உயரத்தையும் கை நீளத்தையும் எந்தப் பயிற்சியாளரும் கூட்டித் தர முடியாது. எடைப் பிரிவுகள் எடையைச் சமன் செய்கின்றனவே தவிர நீளத்தைச் சமன் செய்வதில்லை. ஒரே எடையில் ஐந்தடி நான்கு அங்குலக்காரரும் ஐந்தடி ஒன்பது அங்குலக்காரரும் எதிரெதிரே நிற்கலாம். சுவரில் முதுகைச் சாய்த்து, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனி வரை அளந்து பாருங்கள். பெரும்பாலோருக்கு அது உயரத்தை ஒட்டியே இருக்கும். உயரத்தைவிட நான்கைந்து அங்குலம் கூடுதலாக இருந்தால், உங்கள் ஜாப் எதிராளியின் ஜாபுக்கு முன்னால் போய்ச் சேரும்.

அடுத்தது வெடிப்பு. வேகமாகச் சுருங்கும் தசை இழைகள் சிலருக்கு இயல்பாகவே அதிகம். அமெரிக்காவின் டியான்டே வைல்டர் 20 வயதில்தான் கிளவுஸ் மாட்டினார். மூன்றே ஆண்டுகளில், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். 2015 முதல் 2020 வரை டபிள்யூ.பி.சி. ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்தார். அவருடைய வலக்கைக் குத்தில் இருந்த பலத்தை யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. ஆனால் 2020 பிப்ரவரியில் டைசன் ஃபியூரி அவரை விடாமல் பின்னுக்குத் தள்ளியபோது, பின்கால் நடையில் சமாளிக்கும் அடிப்படை அவரிடம் போதவில்லை. ஏழாவது ரவுண்டில் சண்டை நிறுத்தப்பட்டது.

மூச்சிலும் பிறவியின் பங்கு உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1990களில் நடந்த 'ஹெரிடேஜ்' குடும்ப ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத பலருக்கு 20 வாரம் ஒரே மாதிரியான சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். சிலருடைய ஆக்சிஜன் கொள்திறன் பெரிதும் உயர்ந்தது, சிலருக்கு ஏறக்குறைய அசையவே இல்லை. அந்த வேறுபாட்டில் சுமார் பாதி பரம்பரையோடு தொடர்புடையது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். எனவே, உங்களோடு சேர்ந்து ஓடும் நண்பன் உங்களைவிடச் சீக்கிரம் தேறினால் அதை உங்கள் சோம்பலுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடி தாங்கும் சக்தியும் ஆளுக்கு ஆள் மாறும். கழுத்துத் தசையை வலுவாக்கலாம், தாடையைத் தோளுக்குள் ஒடுக்கி வைக்கப் பழகலாம். மூளையை மட்டும் எந்தப் பயிற்சியாலும் கெட்டியாக்க முடியாது. "அடி வாங்கி வாங்கித்தான் பழக வேண்டும்" என்று யாராவது சொன்னால் அந்தக் கூடத்தை விட்டு விலகுங்கள்.

பயிற்சி மட்டுமே தருவது

கண்ணால் ஒன்றைக் கண்டு உடல் அசைய ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடி ஆகிறது. தேர்ந்த வீரரின் ஜாபும் ஏறத்தாழ அதே நேரத்தில் முகத்தை அடைந்துவிடும். அப்படியென்றால், கிளவுஸ் கிளம்பியதைப் பார்த்த பிறகு விலகுவது மனிதரால் பெரும்பாலும் ஆகாத காரியம். ஆனாலும் நல்ல வீரர்கள் விலகுகிறார்கள். காரணம், அவர்கள் பார்ப்பது கிளவுஸை அல்ல. முன்தோள் லேசாக இறங்குவது, பின்காலின் குதிகால் எழும்புவது, எடை முன்காலுக்கு மாறுவது, குத்துக்கு முன் எதிராளி மூச்சை இழுப்பது என்று முன்னறிவிப்புகளைப் படிக்கிறார்கள். "அவனுக்குப் பிறவியிலேயே கண் கூர்மை" என்று நாம் வியப்பதில் பெரும்பகுதி, ஆயிரக்கணக்கான ரவுண்டுகளில் படித்துச் சேர்த்த அறிவு.

குத்தின் பலமும் அப்படித்தான். அது கையில் பிறப்பதில்லை. பின்கால் தரையைத் தள்ளுகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் தொடர்கிறது, கை கடைசியாக வருகிறது. இந்த வரிசை குலைந்தால் பெரிய புயம் கொண்டவரின் குத்தும் வெறும் தள்ளலாகிவிடும். வரிசை சரியானால் ஒல்லியான பெண்ணின் குத்தும் பேடு பிடிப்பவரின் கையைப் பின்னுக்குத் தள்ளும்.

தூரத்தைக் கணிப்பது, கால் வேலை, குத்திய கை அதே வேகத்தில் கார்டுக்குத் திரும்புவது, ரவுண்டின் கடைசி அரை நிமிடத்துக்கு மூச்சை மிச்சம் வைப்பது ஆகிய நான்கும் யாருக்கும் பிறவியில் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டு வீரர்கள், ஒரே பாடம்

பிறவித் திறமை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைப் புரிந்துகொள்ள ராய் ஜோன்ஸ் ஜூனியர், பெர்னார்ட் ஹாப்கின்ஸ் இருவரின் பாதையையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் 1969-இல் பிறந்த ஜோன்ஸ், சிறுவயதிலிருந்தே தந்தையின் கடுமையான பயிற்சியில் வளர்ந்தவர். 1988 சோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அவர் 86 குத்துகளையும் தென்கொரிய எதிராளி 32 குத்துகளையும் பதித்ததாகக் கணக்கு. ஆனால் நடுவர்கள் 3-2 என்று தென்கொரிய வீரருக்கே தங்கத்தைக் கொடுத்தார்கள். அதே ஒலிம்பிக்கின் மிகச் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான வால் பார்க்கர் கோப்பை ஜோன்ஸுக்குக் கிடைத்தது.

ஹாப்கின்ஸ் 1965-இல் ஃபிலடெல்பியாவில் பிறந்தவர். பதின்ம வயதில் கொள்ளைக் குற்றத்துக்காகச் சிறை சென்று, 1988-இல் வெளியே வந்தார். அதே ஆண்டு தன் முதல் தொழில்முறைச் சண்டையில் தோற்றார். 1993 மே 22 அன்று வாஷிங்டனில், காலியாக இருந்த ஐ.பி.எஃப். மிடில்வெயிட் பட்டத்துக்காக இருவரும் மோதினார்கள். மூன்று நடுவர்களும் ஜோன்ஸ் வென்றதாக அறிவித்தார்கள். அன்றைய நிலையில் அதில் ஐயமில்லை.

ஜோன்ஸின் பாணி பாடப்புத்தகத்துக்கு வெளியே இருந்தது. கைகளை இடுப்பளவில் தொங்கவிட்டு நிற்பார். ஜாபால் வழி திறக்காமல் நேரடியாக இடக்கை ஹூக்கோடு பாய்வார். குத்து வந்தால் முதுகை வளைத்துத் தலையைப் பின்னால் இழுப்பார். மற்ற யார் செய்தாலும் தண்டனை கிடைத்திருக்கும். அவருடைய அனிச்சை வேகம் அத்தனையையும் ஈடுகட்டியது. 2003 மார்ச்சில், 90 கிலோவுக்குக் குறைவான எடையோடு, 100 கிலோவைத் தாண்டிய ஜான் ரூயிஸை வென்று டபிள்யூ.பி.ஏ. ஹெவிவெயிட் பட்டத்தையும் எடுத்தார். முன்னாள் மிடில்வெயிட் சாம்பியன் ஒருவர் ஹெவிவெயிட் பட்டம் வென்றது 106 ஆண்டுகளில் அதுவே முதல்முறை.

அடுத்த ஆண்டு அவருக்கு வயது 35. மே மாதம் அன்டோனியோ டார்வரிடம் இரண்டாவது ரவுண்டிலும், செப்டம்பரில் கிளென் ஜான்சனிடம் ஒன்பதாவது ரவுண்டிலும் நாக்அவுட் ஆனார். ஹெவிவெயிட்டுக்காக ஏற்றிய எடையை மீண்டும் இறக்கியதும் அவரைத் தளர்த்தியது என்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் அனிச்சை ஒரு நூலளவு குறைந்ததும், அதை ஈடுகட்டத் தூக்கிப் பிடித்த கார்டோ, தூரம் காக்கும் ஜாபோ அவரிடம் பழக்கமாக இருக்கவில்லை. அவர் சோம்பேறி அல்ல. குழந்தைப் பருவத்திலிருந்து உழைத்தவர். இளமையில் அவருக்குத் தேவைப்படாத ஒன்றை அவர் கற்காமல் விட்டார். தேவைப்பட்டபோது கற்க நேரம் இருக்கவில்லை.

ஹாப்கின்ஸ் 1995-இல் மிடில்வெயிட் பட்டம் வென்று, அதைத் தொடர்ந்து 20 முறை காப்பாற்றினார். தாடையை ஒடுக்குவது, அரை அடி நகர்ந்து எதிராளியின் வலக்கையைப் பயனற்றதாக்குவது, நெருங்கியதும் கைகளைப் பூட்டுவது, வேகத்தைத் தன் விருப்பப்படி குறைப்பது என்று அவர் வைத்திருந்தவை எல்லாம் கற்கக்கூடியவை. சண்டை இல்லாத மாதங்களிலும் எடையை ஏறவிடமாட்டார். 2010 ஏப்ரலில் ஜோன்ஸை மறுபடி சந்தித்தபோது புள்ளிகளில் வென்றார். 2011 மே மாதம் மாண்ட்ரியலில் ஜீன் பாஸ்கலை வீழ்த்தி, 46 வயதில், உலகப் பட்டம் வென்ற மிக மூத்த வீரரானார். 49 வயதிலும் ஒரு பட்டத்தைக் கைப்பற்றினார்.

ஹாப்கின்ஸிடம் பிறவிக் கொடை எதுவும் இல்லை என்று சொல்லவில்லை. எளிதில் காயம் படாத உடலும், சலிக்காமல் ஒரே வேலையைச் செய்யும் மனமும்கூடக் கொடைகள்தான். நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்: அனிச்சை வேகம் வயதோடு இறங்கும், சரியான நிலையும் தூரமும் இறங்குவதில்லை. ஆகவே வேகம் இருக்கும்போதே அடிப்படையைக் கற்றுவிடுங்கள்.

குறையிலிருந்து ஒரு பாணி

ராக்கி மார்சியானோ பேஸ்பால் வீரராக விரும்பி, அதில் தேறாமல், இருபதுகளின் நடுவில் முழுநேரக் குத்துச்சண்டைக்கு வந்தவர். கை வீச்சு 68 அங்குலம். ஹெவிவெயிட் சாம்பியன்களில் அவ்வளவு குறைவான வீச்சு கொண்டவர்கள் மிக அரிது. கால் வேலையும் தடுமாற்றமாக இருந்தது. பயிற்சியாளர் சார்லி கோல்ட்மேன் அவரை நிமிர்த்தி, நீட்டி ஆடும் வீரராக மாற்ற முயலவில்லை. இன்னும் குனிய வைத்தார். குனிந்து உள்ளே நுழைந்தால் எதிராளியின் நீண்ட கைக்கு வேலையில்லை. மார்சியானோவின் குட்டைக் கைக்கோ அங்கேதான் வேலை.

1952 செப்டம்பர் 23 அன்று ஜெர்சி ஜோ வால்காட்டுடன் நடந்த பட்டச் சண்டையில் முதல் ரவுண்டிலேயே மார்சியானோ கீழே விழுந்தார். 12 ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியிருந்தார். 13-ஆவது ரவுண்டில் ஒரு குட்டையான வலக்கைக் குத்தில் வால்காட் சாய்ந்தார். அந்த 13-ஆவது ரவுண்டுக்கான மூச்சு மார்சியானோ நாள் தவறாமல் ஓடிய ஓட்டத்தில் சேர்த்தது. 49 சண்டை, 49 வெற்றி என்ற கணக்கோடு 1956-இல் ஓய்வு பெற்றார்.

மைக் டைசனை எல்லோரும் பிறவி வீரர் என்பார்கள். வேகமும் பலமும் பிறவிதான். ஆனால் ஐந்தடி பத்து அங்குல ஹெவிவெயிட் வீரர் தன்னைவிட உயரமானவர்களை நெருங்குவது எப்படி என்ற கேள்விக்கு விடை தந்தவர் பயிற்சியாளர் கஸ் டமாட்டோ. இரு கிளவுஸையும் கன்னத்தோடு ஒட்டி, தலையை ஓயாமல் அசைத்தபடி நுழையும் முறையை அவர் ஃபிளாய்ட் பேட்டர்சனுக்கு முன்பே கற்றுத்தந்திருந்தார். பேட்டர்சன் 1956-இல் 21 வயதில் மிக இளைய ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 30 ஆண்டுகள் கழித்து, 1986-இல், 20 வயது டைசன் அந்தச் சாதனையை முறியடித்தார். இரண்டு தலைமுறையின் இரண்டு சாதனைகளும் ஒரே ஆசிரியரிடமிருந்து வந்தன. டமாட்டோ மறைந்த பிறகு, அவர் வழியில் பயிற்சி தந்த கெவின் ரூனியை 1988-இல் டைசன் நீக்கினார். தலையசைவு குறைந்தது, பயிற்சியும் குறைந்தது. 1990 பிப்ரவரியில் டோக்கியோவில், யாரும் பொருட்படுத்தாத பஸ்டர் டக்ளஸ் தன் நீண்ட ஜாபால் அவரை வெளியிலேயே நிறுத்தி, பத்தாவது ரவுண்டில் வீழ்த்தினார்.

நம் நாட்டில் மேரி கோமைப் பாருங்கள். தடகளத்திலிருந்து குத்துச்சண்டைக்கு வந்தவர். உலகப் பட்டங்களை அவர் வென்றது குறைந்த எடைப் பிரிவுகளில். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மிகக் குறைந்த பிரிவே 51 கிலோ என்பதால், தன்னைவிட உயரமும் எடையும் கொண்டவர்களோடு மோத வேண்டியிருந்தது. வேகமாக உள்ளே போய், அடித்து, பிடிபடாமல் வெளியே வரும் பாணியோடு வெண்கலம் வென்றார். 2018-இல் ஆறாவது உலகப் பட்டத்தையும் எடுத்தார்.

எது உழைப்பு?

2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, விளையாட்டு வீரர்களிடையே காணப்படும் திறன் வேறுபாட்டில் 18 சதவீதத்தைத்தான் திட்டமிட்ட பயிற்சியின் அளவைக் கொண்டு விளக்க முடிகிறது என்று கண்டது. உச்ச நிலை வீரர்களை மட்டும் எடுத்தால் அது ஒரு சதவீதம். இதைப் படித்துவிட்டு "பயிற்சியால் பயனில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். உச்சத்தில் இருப்பவர்கள் அனைவருமே கடுமையாக உழைக்கிறார்கள். அதனால் அங்கே உழைப்பின் அளவு ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிப்பதில்லை. உழைக்காதவர் அந்தக் கணக்கெடுப்புக்குள்ளேயே வரமாட்டார்.

அளவைப் போலவே தரமும் முக்கியம். ஃபிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவ் பிறவி வேகம் கொண்ட இடக்கை வீரர். தொடக்க ஆண்டுகளில் அந்த இடக்கை ஒன்றையே பெரிதும் நம்பினார். 2005 மார்ச்சில் எரிக் மொராலெஸிடம் தோற்றார். பயிற்சியாளர் ஃபிரெடி ரோச்சும் அவரும் சேர்ந்து வலக்கையை, குறிப்பாக வலக்கை ஹூக்கை, ஓர் ஆயுதமாக வளர்த்தார்கள். 2006-இல் இரண்டு முறை மொராலெஸை நாக்அவுட் செய்தார். பிறகு எட்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற ஒரே வீரரானார். ஏற்கெனவே நன்றாக வருவதையே மேலும் மேலும் செய்வது சுகமான பயிற்சி. வராததை எடுத்துச் செய்வதே உழைப்பு.

அதை உங்கள் கூடத்தில் இப்படிச் செய்யலாம்:

1. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு திருத்தம். உதாரணமாக, "ஜாப் போன வழியே கார்டுக்குத் திரும்ப வேண்டும்." ஸ்கிப்பிங் தவிர எல்லா ரவுண்டிலும் அதுவே குறி.

2. ஷேடோ பாக்ஸிங்கை உடல் சூடேற்றும் சடங்காக்காதீர்கள். மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு, நான்கு ரவுண்டு: முதலாவது கால்கள் மட்டும், இரண்டாவது ஜாப் மட்டும், மூன்றாவது தற்காப்பு மட்டும், நான்காவதில் எல்லாம் சேர்ந்து.

3. பேகில் பலமாக அடிப்பதற்கு முன் சரியாக அடியுங்கள். குத்தியபின் சமநிலை தவறினால் அந்தக் குத்து கணக்கில் இல்லை.

4. வாரம் ஒருமுறை ஒரு ரவுண்டைச் செல்போனில் படமெடுங்கள். பயிற்சியாளரோடு சேர்ந்து பாருங்கள். செய்வதாக நாம் நினைப்பதும் செய்வதும் வேறு.

5. ஸ்பாரிங்கில் வெல்ல முயலாதீர்கள். அந்த வாரத் திருத்தத்தை முயலுங்கள். வேகம் பாதி, பலம் அதற்கும் கீழே.

உங்களுக்கான அறிவுரை

சீக்கிரம் கற்பவர் நீங்கள் என்றால், உங்களை எளிதாக வெல்லக்கூடியவரோடு வாரம் ஒருமுறையாவது பழகுங்கள். கையைத் தாழ்த்தியும் அடி படவில்லை என்பது உங்கள் எதிராளி மெதுவானவர் என்பதற்கான சான்று மட்டுமே. வேகத்தை வேண்டுமென்றே குறைத்துக்கொண்டு, கார்டையும் காலையும் மட்டும் நம்பி ஒரு ரவுண்டு ஆடிப் பாருங்கள். அதில் தடுமாறினால் அடிப்படை இன்னும் வரவில்லை.

மெதுவாகக் கற்பவர் என்றால், மற்றவனோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, மூன்று மாதத்துக்கு முந்தைய உங்கள் படத்தோடு ஒப்பிடுங்கள். குறைவான ஆயுதங்களை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு ஜாப், ஒரு கிராஸ், உடம்புக்கு ஒரு ஹூக், உறுதியான கார்டு. மூன்றாவது ரவுண்டில் எதிராளி வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது நீங்கள் வாங்காமலிருந்தால், அந்த நான்கும் போதும்.

பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் ஒரு வேண்டுகோள். "பிறவிக் கலைஞன்" என்றோ "உனக்கு வராது" என்றோ ஒரு பிள்ளையிடம் சொல்லாதீர்கள். முதலாவது அவனைக் கற்க விடாது, இரண்டாவது அவனை நிற்க விடாது. பாராட்டினால் செய்த வேலையைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள்: "இன்று பின்கால் சரியாகத் திரும்பியது" என்பது போல. உடல் வளரும் வயதில் குறைந்த எடைப் பிரிவுக்காகத் தண்ணீரை நிறுத்தி எடை இறக்க வைக்காதீர்கள். தலையில் அடிபட்டுத் தலைசுற்றலோ, வாந்தியோ, மறதியோ வந்தால் அன்றே பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் அனுமதிக்கும் வரை ஸ்பாரிங் கிடையாது. "தைரியம்" என்ற பேரில் இந்த விதியை மீறிப் பிள்ளையின் மூளையைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமையில்லை.

பன்னிரண்டு வாரச் சோதனை

"எனக்கு வருமா?" என்பதை முதல் வாரத்தில் யாராலும் சொல்ல முடியாது. பன்னிரண்டு வாரம் ஒழுங்காக வந்தபின் கீழே உள்ளவற்றுக்கு விடை எழுதுங்கள்:

- மூன்று நிமிட ரவுண்டு முடிந்து ஒரு நிமிட ஓய்வில் நாடித்துடிப்பு முன்பைவிட அதிகமாக இறங்குகிறதா?
- களைத்த பிறகும் கைகள் கார்டில் நிற்கின்றனவா?
- புதிய அசைவு ஒன்று ஒரு வாரத்துக்குள் ஸ்பாரிங்கில் எட்டிப் பார்க்கிறதா?
- அடி பட்டதும் கண்ணை மூடுகிறீர்களா, அடித்தவரைப் பார்க்கிறீர்களா?
- பயிற்சியாளர் சொன்ன குறையை மறுநாள் நீங்களே நினைவில் வைத்து வருகிறீர்களா?

ஐந்தில் மூன்றுக்காவது முன்னேற்றம் தெரிந்தால் தொடருங்கள். போட்டிக்குப் போகலாமா என்பதை அடுத்த ஆண்டு பேசலாம். முன்னேற்றம் தெரியாவிட்டால், "திறமை இல்லை" என்ற முடிவுக்கு வருமுன் பாணியை மாற்றிப் பாருங்கள்: வெளியே நின்று ஆடுபவர் உள்ளே நுழைந்து பார்க்கட்டும், உள்ளே நுழைபவர் தூரத்தில் நின்று பார்க்கட்டும். கோல்ட்மேன் மார்சியானோவைக் குனிய வைத்ததைப்போல, உங்கள் உடலுக்கு ஏற்ற ஒரு நிலை கிடைக்கும் வரை தேடுங்கள்.

உலகப் பட்டம் எல்லோருக்கும் கிடைக்காது. அங்கே கொடையும் உழைப்பும் நல்ல ஆசிரியரும் ஒருசேர வேண்டும். ஆனால் நேற்றைவிட நல்ல குத்துச்சண்டை வீரராவதற்குக் கொடை தேவையில்லை. உங்கள் உடலை அளந்து தெரிந்துகொள்ளுங்கள், அதற்கு ஏற்ற பாணியைத் தேர்ந்தெடுங்கள், வராததைத் தினமும் செய்யுங்கள். உங்கள் கையில் இருப்பது இந்த மூன்றும்தான். இவற்றை நாளைய பயிற்சியிலேயே தொடங்குங்கள்.